ஓட்டுரிமையும் சட்டமும்: கேள்வி பதில்

தேர்தல் வழக்குகளைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

செப்டம்பரில் எனக்கு 18 முடிகிறது. ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா? (கல்லூரி மாணவி)

வேண்டாம்மா. முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள், அதாவது அன்றைக்குள் 18 முடிந்திருக்க வேண்டும். ஜனவரி 2-ல் பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டியதுதான். 2021-ல் வந்த திருத்தம் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளையும் சேர்த்தது. உங்களுக்கு அக்டோபர் 1. பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ இப்போதே கொடுத்து வைக்கலாம். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் ஓட்டுக்கான வயது 21. 61-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989-ல்தான் 18 ஆனது.

சுதந்திர இந்தியாவில் பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே ஓட்டு உண்டு என்கிறார்களே, உண்மையா?

சட்டத்தில் உண்மை. அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை தந்தது. ஆனால் 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய அம்மா’ என்றே எழுதச் சொன்னார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் கிடைக்காத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து போனார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். அடுத்த தேர்தலுக்குள் நிலைமை மாற வேண்டும் என்று சென் பிடிவாதமாக இருந்தது சரிதான் என்பேன். ஆனாலும் உரிமை இருந்தும் பெயர் இல்லாததால் ஓட்டு இல்லை. இன்று எனக்கு வரும் புகார்களில் பாதி இதே ரகம்.

அட்டை இருக்கிறது, ஆனால் பட்டியலில் பெயரைக் காணோம். எப்படி நீக்கலாம்?

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. அட்டை உங்கள் அடையாளத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

நீக்குவதற்கும் முறை உண்டு. நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருக்கவில்லை என்றோ தகுதி இல்லை என்றோ பெயரை எடுப்பதானால், அதற்கு முன் உங்கள் பேச்சைக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-வது பிரிவு. பூட்டிய கதவில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ் எத்தனை பேர் கண்ணில் படும் என்பது வேறு கதை. நீக்கிய உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு; அங்கும் ஆகவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி. கூடவே படிவம் 6-ஐயும் புதிதாகக் கொடுத்துவிடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. வாக்குச்சாவடியில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை.

என் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால்?

இதற்குச் சாவடியிலேயே வழி உண்டு. நீங்கள்தான் அவர் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்தால், தேர்தல் நடத்தும் விதிகளின் 49-பி (49P) விதிப்படி காகித வாக்குச்சீட்டு தருவார்கள். அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். சில ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த தொகுதியில் அது பெரிய விஷயம்.

துபாயில் இருக்கிறேன். இங்கிருந்தே போட முடியாதா?

இப்போதைக்கு முடியாது தம்பி. 2010 திருத்தம் உங்களைப் பட்டியலில் சேர்த்தது (படிவம் 6ஏ), ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வரச் சொல்கிறது. விமான டிக்கெட் யார் போடுவது? உங்களுக்காக இன்னொருவர் போடலாம் என்ற மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-ல் காலாவதியானது.

அம்மாவுக்கு 87. நடக்க முடியாது.

படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுங்கள், வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள்.

விசாரணைக் கைதி ஓட்டுப் போடலாமா?

கூடாது. தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, குற்றம் நிரூபிக்கப்படாமல் உள்ளே இருப்பவரும் போட முடியாது. 1951 சட்டத்தின் 62(5) அப்படி. உச்ச நீதிமன்றமும் 1997-ல் அதைச் சரி என்றது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் தபால் ஓட்டு உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஓட்டுப் போட முடியாத அதே விசாரணைக் கைதி சிறையிலிருந்தபடியே தேர்தலில் நிற்கலாம்! உள்ளே இருப்பவர் போட்டியிட முடியாது என்று 2013-ல் தீர்ப்பு வந்ததும் நாடாளுமன்றம் அதே வருடம் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. வேட்பாளருக்குக் காட்டிய வேகத்தில் கொஞ்சம் வாக்காளருக்கும் காட்டியிருக்கலாம்.

வெளியூரில் தினக்கூலி வேலை. ஓட்டுப் போட ஊருக்குப் போனால் முதலாளி கூலியைப் பிடிக்கிறார்.

பிடிக்கக் கூடாது. 1951 சட்டத்தின் 135-பி (135B) பிரிவு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது; தினக்கூலிக்கும் பொருந்தும். ஆனால் மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். பயண நாள் கூலியைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. வேலை செய்யும் ஊரிலிருந்தே போட இயந்திரம் ஒன்றைக் காட்ட 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளைக் கூட்டியது, எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்கிறீர்கள் என்றால், படிவம் 8 கொடுத்துப் பெயரை அந்தத் தொகுதிக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.