வளவு வெளிச்சம்

வணக்கம் ஐயா,

தேவகோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க ஆசை. புதிதாக வரப்போகும் மாடுலர் சினிமா கேமராவுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பாடி, லென்ஸ் மாட்டும் மவுண்ட், மானிட்டர், பேட்டரி என்று தனித்தனியாக வாங்கிக் கோத்துக்கொள்ளலாமாம். படத் துல்லியம் 8கே தேவையா, 6கே போதுமா? லென்ஸை முன்கூட்டியே வாங்குவதென்றால் பி.எல். மவுண்டா, ஆர்.எஃப். மவுண்டா? வீட்டில் ஆயா (பாட்டி) மட்டும் இருக்கிறார்கள், 86 வயது. அவர்களையும் கொஞ்சம் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். கேமராவுக்கு மூன்றே முக்கால் பக்கம், ஆயாவுக்கு இரண்டு வரி. "அவர்களையும் கொஞ்சம்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

8கே, 6கே பேச்சை விடுங்கள். மவுண்ட் கேள்வி நல்ல கேள்வி. மவுண்டிலிருந்து சென்சார் வரை பி.எல்.லில் 52 மி.மீ. இடைவெளி. பழைய நிக்கான் எஃப்பில் 46.5, கேனான் ஈ.எஃப்பில் 44, ஆர்.எஃப்பில் 20. நீண்ட இடைவெளிக்குச் செய்த லென்ஸை இடைவெளி குறைந்த பாடியில் ஒரு வளையம் போட்டு மாட்டிவிடலாம். ஆர்.எஃப். லென்ஸைக் கொண்டுபோய் பி.எல். பாடியில் மாட்ட வழியில்லை. அதனால் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்று, 50 மி.மீ., வாங்குங்கள். நாளைக்கு எந்த பாடி வந்தாலும் அநேகமாக அது கூடவே வரும்.

பாடி எப்போது வரும் என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள். 2008இல் சினிமா கேமரா செய்யும் ரெட் நிறுவனம் ஸ்கார்லெட் என்ற கேமராவை அறிவித்தபோது, 3,000 டாலருக்கு 3கே என்று உலகமே நாள் எண்ணியது. 2011 நவம்பரில் வந்த ஸ்கார்லெட்-எக்ஸ் வேறு கேமரா, விலையும் பல மடங்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, புதுக் கருவி செய்கிறவர்களின் திட்டம் மாறத்தான் செய்யும். ஆனால் 86 வயது அதுவரை பொறுக்குமா?

எங்கள் அப்பத்தா பட்டாலை என்கிற கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கொட்டான், அதாவது ஓலைக்கூடை, பின்னுவார்கள். சாயம் போட்ட பனையோலையைத் தண்ணீரில் நனைத்து, பல்லில் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு, விரல் போகிற வேகத்தில் ஓலை எது, விரல் எது என்று தெரியாது. நான் அப்போது சென்னையில் உதவி ஒளிப்பதிவாளன். அந்தக் கையை எடுக்க வேண்டும், அதுவும் நல்ல கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடம் தள்ளினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் "என்னப்பா, ஒன் கேமரா வந்துருச்சா?" என்று கேட்பார்கள். ஒருவழியாக இரவல் கேமராவோடு நான் போய் இறங்கியபோது வாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. பாதி பின்னிய கொட்டான் மடியில் இருந்தது. அன்றைக்கும் கேமராவைப் பார்த்துவிட்டு இடது கையால் ஓலையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அந்த வீட்டு வெளிச்சத்தையாவது சொல்கிறேன், உங்களுக்கு உதவும். காலை எட்டு மணிக்கு வெயில் எதிர்ச்சுவரின் மேல்பாதியில்தான் இருக்கும். வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், இறங்குவது வானத்து ஒளியும் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புவதும். நிழலே விழாத அந்த மெத்தென்ற வெளிச்சத்தைத்தான், 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக, கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கை அதில் அடித்து வரவழைத்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா. அவர் பாடுபட்டுச் செய்தது உங்கள் வீட்டில் தினமும் சும்மா வந்து இறங்குகிறது. ஆத்தங்குடித் தரை வேறு. கண்ணாடி மேல் ஊற்றி எடுத்த கல் என்பதால் பளபளப்பு அதிகம். கீழிருந்து ஒளியை முகத்துக்கு அனுப்பும். சிவப்புக் கல்லானால் தாடைக்கடியில் லேசாகச் சிவப்பு ஏறும், ஆயாவுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள், சரியாகிவிடும். பதினொரு மணிக்கு மேல் எடுக்கவே எடுக்காதீர்கள். வளவில் வெயில் கொளுத்தும், பட்டாலை இருண்டு கிடக்கும், இரண்டையும் ஒரு ஃபிரேமில் பிடிக்க விலை உயர்ந்த சென்சாரும் திணறும்.

உங்களிடம் ஃபோன் இருக்கிறதல்லவா? சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கி, ஆயாவின் சேலைத் தலைப்பில் குத்துங்கள். வரும் ஞாயிறு காலை எட்டுக்கு முகப்பைத் தாண்டி உள்ளே போய் உட்காருங்கள். அப்புறம், நான்கு பக்கத்தில் ஆயாவின் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை நீங்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.