மீன் ஹார்மோன் ஜீன்ல பிஹெச்டி பண்ணா வேலை கிடைக்குமான்னு கேட்ட அப்பாவுக்கு

சார், நீங்க எழுதுனத முழுசா படிச்சேன். பொண்ணு எம்எஸ்சி முடிச்சிட்டு மீன்ல பெப்டைடு ஹார்மோன் ஜீன் குடும்பம் எப்படி உருவாச்சுன்னு பிஹெச்டி பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா, இத படிச்சா யாரு வேலை குடுப்பான்னு பயப்படுறீங்க. தலைப்ப மட்டும் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா தலைப்ப விடுங்க, அந்த அஞ்சு வருஷத்துல அவ என்னென்ன வேலை கத்துக்கப் போறான்னு பாருங்க, பின்னாடி சோறு போடப் போறது அதுதான்.

விஷயம் என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். ஆக்ஸிடோசின் கேள்விப்பட்டிருப்பீங்க, பிரசவ நேரத்துல கருப்பைய சுருங்க வைக்கிறது. வெறும் 9 அமினோ அமிலம் கோத்த குட்டிச் சங்கிலி, இந்த மாதிரி சங்கிலியத்தான் பெப்டைடுன்னு சொல்றோம். அதுல 3ஆவதும் 8ஆவதும் மட்டும் மாறினா வாசோபிரசின், சிறுநீரகத்துல தண்ணிய பிடிச்சு வைக்கிற ஹார்மோன். எலும்புள்ள மீன்கள்ல இதே ஜோடிக்கு ஐசோடோசின், வாசோடோசின்னு பேரு. தாடையே இல்லாத ஆதி வகை மீனான லாம்ப்ரேல வாசோடோசின் மட்டும்தான். அதாவது பழைய ஜீன் ஒண்ணு நகலாகி பக்கத்துலயே உக்காந்து, ரெண்டும் வேற வேற வேலைக்கு போயிடுச்சு. இது போக முதுகெலும்பிகளோட ஆதி காலத்துல ஜீனோம், அதாவது மொத்த ஜீன் தொகுப்புமே ரெண்டு தடவ இரட்டிச்சிருக்கு, இன்னைக்கு இருக்குற பெரும்பாலான மீன்கள் சேர்ந்த டெலியோஸ்ட் வகைல இன்னொரு தடவ, அது ஆகி 30 கோடி வருஷத்துக்கு மேல இருக்கும். ஜீன் நகலாகுறதுலதான் புதுசு பிறக்குதுன்னு சுசுமு ஓனோ 1970லயே புத்தகம் போட்டுட்டாரு.

இதுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. உடம்பு எடைக்கும் சர்க்கரைக்கும் இன்னைக்கு உலகமே பேசுற செமாக்ளூடைடு இருக்குல்ல, அது குடல்ல சுரக்குற ஜிஎல்பி-1ங்கிற பெப்டைடோட மாத்தி செஞ்ச வடிவம். அந்தக் கதை ஆங்லர் மீன்லதான் சூடு பிடிச்சுது. பல மீன்கள்ல இன்சுலினும், ரத்தச் சர்க்கரைய ஏத்துற குளுக்ககானும் சுரக்குற செல்லெல்லாம் தனி உருண்டையாவே இருக்கும், பிரிச்சு எடுக்க சுலபம். 1982ல அந்த மீனோட குளுக்ககான் ஜீன படிச்சப்போ அதுக்குள்ளயே குளுக்ககான் சாயல்ல இன்னொரு பெப்டைடும் ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது, அடுத்த வருஷமே மனுஷ ஜீன்லயும் ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2 ரெண்டும் கிடைச்சுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா மீனோட ஈரல்ல ஜிஎல்பி-1 குளுக்கோஸ ஏத்தி விடும், நம்ம உடம்புல அதே பெப்டைடு இன்சுலின தூண்டி சர்க்கரைய இறக்குது. அமினோ அமில வரிசை கிட்டத்தட்ட அதே, வேலை தலைகீழ். எதை மாத்தினா செல் மேல ஹார்மோன் வந்து ஒட்டுற எந்த ரிசெப்டர்ல எப்படி ஒட்டும்னு யோசிக்கத் தெரிஞ்ச ஆளு பெப்டைடு மருந்து கம்பெனிக்கு வேணும், அந்த யோசனை இங்கதான் பழகும். சால்மன் கால்சிடோனின் மருந்தாவே வந்துச்சு. மீன் வளர்ப்புல மீன முட்டை போட வைக்கிற பல ஊசிகளும் மூளைல சுரக்குற ஜிஎன்ஆர்ஹெச்ங்கிற இனப்பெருக்க ஹார்மோன மாத்தி செஞ்சதுதான். ஜீனோமிக்ஸ் டேட்டா வேலையும் இருக்கு. நிரந்தர பேராசிரியர் பதவி மட்டும் எல்லா இடத்துலயும் கம்மி, அத ஒண்ண மட்டும் நம்பி இறங்க வேணாம்னு சொல்லிடுங்க.

நான் பயப்படுற இடம் வேற. கம்ப்யூட்டர்ல ஜீன்களோட வம்சாவளி மரம் மட்டும் போட்டு தீசிஸ் முடிச்சிட்டு வர்ற பிள்ளைங்கதான் திண்டாடுதுங்க. இந்தத் துறைல அது இன்னும் ஆபத்து, ஏன்னா 9, 10, 36 அமினோ அமிலத்த வச்சு போடுற மரத்த நம்ப முடியாது, அவ்ளோ சின்னதுல தகவலே பத்தாது. அதனால குரோமோசோம்ல பக்கத்து வீட்டு ஜீன் யாருன்னு பாக்கணும், ஒரே மூதாதை ஜீன்லேருந்து வந்ததுன்னா அக்கம்பக்கமும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அப்புறம் லேப்ல ரிசெப்டர் டெஸ்ட், ஜீன வெட்டி மாத்துற கிரிஸ்பர்னு இறங்கணும். கிஸ்பெப்டின்னு மூளைல சுரக்குற பெப்டைடு இல்லாம இனப்பெருக்கமே நடக்காதுன்னு நெனச்சாங்க, லேப்ல வளர்க்குற சீப்ராஃபிஷ்ங்கிற குட்டி மீன்ல அதோட ரெண்டு ஜீனையும் எடுத்துப் பாத்தா மீன் பாட்டுக்கு முட்டை போடுது. மரம் மட்டும் போட்டிருந்தா இது தெரியவே வராது. பைத்தான் இல்லன்னா ஆர்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதோட லேப் வேலை, ரெண்டும் கைல இருந்தா அவளுக்கு கதவு நிறைய திறக்கும்.

சேரதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வேலை குடுங்க. ஜீனோம்கள தேடிப் பாக்குற என்செம்பல் (Ensembl) இணையதளம் இலவசம், அதுல மனுஷனோட குளுக்ககான் ஜீன், சீப்ராஃபிஷ்ல இருக்குற ரெண்டு நகல், அந்த மூணாவது இரட்டிப்புக்கு முன்னாடியே பிரிஞ்சுபோன கார் (gar) மீனோட ஜீன், எல்லாத்தையும் எடுத்து அக்கம்பக்கத்து ஜீன்கள வரிசையா எழுதச் சொல்லுங்க. மனுஷன்ல பக்கத்துலயே டிபிபி4 இருக்கும், ஜிஎல்பி-1ஐ வெட்டிப் போடுற என்சைம் அதுதான். இதப் பாத்துட்டு ராத்திரி தூங்காம உங்ககிட்ட வந்து பேசினான்னா தடுக்காதீங்க சார், ரெண்டு நாள்ல சலிச்சுப் போச்சுன்னா அதுவும் இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்.

அப்புறம் கைடுகிட்ட நேராவே கேக்கட்டும், உதவித்தொகை கடைசி வருஷம் வரைக்கும் உறுதியா, லேப் வேலையும் கம்ப்யூட்டர் வேலையும் ரெண்டும் அவளே செய்வாளா, இதுவரைக்கும் முடிச்சவங்க இப்போ எங்க இருக்காங்க. கடைசிக் கேள்விக்கு மழுப்புனா வேற லேப் பாருங்க, தலைப்ப மாத்த வேண்டியதில்ல.