சோடியத்துக்கு ஏன் வழியில்லை?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல் சவ்வின் அமைப்பையும் பணிகளையும் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்கிறாள். சல்லடை மாதிரி சின்னதை உள்ளே விடும், பெரியதைத் தடுக்கும்; ஒரே வரியில் முடிகிற விஷயம். இதற்கு ஐந்து மதிப்பெண் கேள்வி எதற்கு? இதைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதுவும் தப்பான வரி. மகள் அதை நம்பி விடைத்தாளில் எழுதினால் ஐந்து மதிப்பெண்ணும் போயிற்று.

உங்கள் சல்லடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சோடியம் அயனியின் (மின்னூட்டம் பெற்ற அணுவின்) நிறை 23. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூலக்கூறின் நிறை 288. சல்லடை என்றால் சோடியம் கீழே விழ, டெஸ்டோஸ்டிரோன் மேலே தங்க வேண்டும். நடப்பது நேர் எதிர். அந்த ஹார்மோன் சவ்வின் கொழுப்பில் கரைந்து தானாகவே உள்ளே போய்விடும். சோடியம் வெளியிலேயே நிற்கும்.

காரணம் அமைப்பில் இருக்கிறது. சவ்வின் அடிப்படை பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு. அதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால்கள் இரண்டுக்கும் ஆகாது. தண்ணீரில் விட்டால் தலைகள் இருபுறமும் வெளியே, வால்கள் நடுவே என்று இரண்டு வரிசையாக அவை தம்மைத் தாமே அடுக்கிக்கொள்ளும். புரதங்களையும் சேர்த்துக் கனம் 7, 8 நானோமீட்டர்தான். பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வராது. ஆனால் மின்னூட்டம் உள்ள அயனி எப்போதும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழவே இருப்பது. நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதிக்குள் போக அவற்றை உதற வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். எவ்வளவு சின்னதானாலும் வழியில்லை.

இந்த இரட்டை வரிசையை 1925-இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தவர்கள் கோர்ட்டர், கிரெண்டல். சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு இடத்தை அது பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பிரித்த கொழுப்பு முழுவதும் வரவில்லை. மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, விடை சரியாக வந்தது. (நம் கணக்கு வாத்தியார்கள் ஸ்டெப் மார்க் கொடுத்திருக்க மாட்டார்கள்.) கொழுப்பு நகர்ந்துகொண்டே இருக்கும், புரதங்கள் அதில் மிதக்கும் என்று சிங்கரும் நிக்கல்சனும் சொன்னது 1972-இல். மகள் படிப்பது அந்த மாதிரியைத்தான்.

சரி, கொழுப்பு அயனிகளைத் தடுக்கிறது. அப்புறம் செல் எப்படிப் பிழைக்கிறது? புரதங்களால். இங்கே உங்கள் சல்லடை இன்னொரு முறை தோற்கிறது. சோடியத்தைவிடப் பொட்டாசியம் அயனி பெரியது. பொட்டாசியத்துக்கென்று இருக்கும் புரத வழியோ பெரியதை விட்டு, சின்னதைத் தடுக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னன் 1998-இல் அந்தப் புரதத்தின் வடிவத்தைக் காட்டியபோதுதான் சூட்சுமம் புரிந்தது. வழியின் உட்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. பொட்டாசியம் தண்ணீரை உதறிவிட்டு வந்தால், அந்த இழப்பை ஈடுகட்டச் சரியான தூரத்தில் அவை நிற்கும். சோடியத்துக்கு அந்தத் தூரம் எட்டாது. மெக்கின்னனுக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. தண்ணீருக்கே தனி வழியாக ஒரு புரதம் இருப்பதைக் கண்ட பீட்டர் ஆக்ரேயுடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இன்னொரு புரதம் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறது: ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. அதனால் செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் இதற்காக ஆற்றலைச் செலவழிக்கிறது.

யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். சிறுகுடல் செல்களின் சவ்வில் இந்தச் சோடியம் வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே எடுத்துச் செல்லும். பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா நஞ்சு குடல் செல்லின் குளோரைடு வழியைத் திறந்துவிடுகிறது. உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. உப்பை உறிஞ்சும் வேறொரு வழியும் அடைபடுகிறது. ஆனால் சோடியம்–குளுக்கோஸ் புரதத்தை அந்த நஞ்சு ஒன்றும் செய்வதில்லை. எனவே வெறும் தண்ணீர் போதாது, உப்புத் தண்ணீரும் போதாது. கூடவே குளுக்கோஸ் வேண்டும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். முப்பது சதவீதம் வரை போன இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே போகும் என்ற கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் தலையங்கம் எழுதியது. ஐந்து மதிப்பெண் கொஞ்சம் குறைவுதான் என்று எனக்குப் படுகிறது.

இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் இருப்பதும் இதே கணக்கு. உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குழந்தை குடிக்கட்டும் என்று ருசிக்காக இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போடும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேதி கூடும்.