கல்லூரி ரேஸ் கார் டீமை சாலிட்வொர்க்ஸிலிருந்து ஆன்ஷேப்புக்கு மாற்றலாமா?

பார்முலா பாரத் என்ற மாணவர் ரேஸ் கார் போட்டிக்குக் கார் கட்டுகிற டீம், பாதிப் பேரிடம் சுமாரான லேப்டாப், கார் பாகங்களைக் கணினியில் 3D-யில் வரைகிற சாலிட்வொர்க்ஸிலிருந்து அதே வேலைக்கான ஆன்ஷேப்புக்கு எப்போது மாறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறுங்கள், ஆனால் ஜனவரியில் கோவைப் போட்டி முடிந்த கையோடு மாறுங்கள். சேஸிஸ் வெல்டிங் பாதியில் நிற்கும்போது வேண்டவே வேண்டாம்.

சாலிட்வொர்க்ஸை 1993-ல் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக்தான் பின்னாளில் ஆன்ஷேப்பையும் நண்பர்களோடு ஆரம்பித்தார், அதனால் ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப்படம்), எக்ஸ்ட்ரூட் (அதை இழுத்துக் கன வடிவமாக்குவது) எல்லாம் கைக்குப் பழகியதாகவே இருக்கும். தடுமாற வைப்பது பாகங்களை ஒன்றாகப் பொருத்துகிற அசெம்பிளிதான்: அங்கே இரண்டு மூன்று மேட் (ஒரு பாகம் இன்னொன்றோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்ற இணைப்பு) போட்டு நிறுத்திய பாகத்துக்கு இங்கே பெரும்பாலும் ஒரே மேட் போதும், இது பிடிபட ஒரு வாரம் ஆகும்.

பெரிய தலைவலி பழைய மாடல்கள். போன வருட அப்ரைட்டை (சக்கரத்தைத் தாங்கி சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகம்) ஆன்ஷேப்பில் இறக்கினால் வடிவம் அப்படியே வரும், ஆனால் அதை உருவாக்கிய படிகள் வராது, பேரிங் துளையை 2 மி.மீ. பெரிதாக்கலாம் என்று போனால் திருத்துவதற்கு ஸ்கெட்ச்சே இருக்காது. எங்கள் டீமில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இதில்தான் மாட்டிக்கொண்டோம். அப்புறம் மாறாத பாகங்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, சஸ்பென்ஷனை ஜூனியர்களை விட்டே புதிதாக வரையச் சொன்னோம், அவர்களுக்கு அதுவே நல்ல பயிற்சியாகவும் ஆனது.

முக்கியமாக, கல்விக் கணக்கிலேயே பதிவு செய்யுங்கள். சாதாரண இலவசக் கணக்கில் வரைவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரவுசரில் ஓடுவதால் லேப்டாப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நெட் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.