பத்து ரூபாய்க்குள் மதுரை

கேள்வி: என் அக்காள் மகன் ரூபாய் நோட்டில் இருக்கும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்து ஊர் கண்டுபிடிக்கிறான். முதல் மூன்று இலக்கம் அட்சரேகையாம், அடுத்த மூன்று தீர்க்கரேகையாம். 'மதுரை நோட்டு' என்று ஒரு பத்து ரூபாயை 800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறான். நகல் இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கி நோட்டுக்குள் வரைபடத்தை ஒளித்து வைத்திருப்பது உண்மையா? இவனை என்ன செய்வது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஒளித்து வைத்தது ரிசர்வ் வங்கி இல்லை, உங்கள் மருமகன்தான். இப்படித்தான் பிரித்துப் படிப்பேன் என்று விதி போட்டவர் அவர். எண்ணோடு ஊரையும் நாட்டையும் நிஜமாகவே சேர்த்து அச்சடித்த நோட்டுகள் வேறு தேசங்களில் உண்டு. 2002இல் புழக்கத்துக்கு வந்த முதல் யூரோ நோட்டுகளில் எண்ணுக்கு முன்னால் எக்ஸ் இருந்தால் ஜெர்மனி, யூ இருந்தால் பிரான்ஸ். நம் நோட்டுகள் நாசிக், தேவாஸ், மைசூர், சல்போனி என்று நான்கு ஊர்களில் அச்சாகின்றன. ஆனால் அந்த ஆறு இலக்கம் வெறும் வரிசை எண்.

சரி, விளையாட்டாகவே எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிதம் வந்த அன்று, மாட்டுத்தாவணி பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த மீதியை மேஜையில் பரப்பினேன். விரலிடுக்கில் நீளவாக்கில் மடிந்தே கிடந்த நோட்டுகள். மடிப்பில் எண் தேய்ந்திருந்தது. நல்லவேளை, அதே எண் நோட்டில் இரண்டு இடத்தில் இருக்கும். எண்ணும் ஆங்கில எழுத்துமாக முதலில் வரும் மூன்று குறிகளை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் உருவத்தில் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வளர்ந்துகொண்டே போகும் ஆறு இலக்கம்தான் நமக்கு. முதல் நோட்டு 417639. வடக்கே 41.7 பாகை, கிழக்கே 63.9: உஸ்பெகிஸ்தானில் கிசில்கும் பாலைவனம். அடுத்தது 126178, ஆப்பிரிக்காவில் சாட் நாடு. மூன்றாவது 071802, கொழும்பிலிருந்து கண்டி போகும் வழியில் எங்கோ. நான்காவது 965204. அட்சரேகை 90ஐத் தாண்டாது என்பதால் அந்த இருபது ரூபாய் பூமியிலேயே இல்லை! பத்தில் ஒரு நோட்டு இப்படி அந்தரத்தில் போகும்.

நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ஆகவே ஒரு எண் என்பது ஒரு புள்ளி இல்லை, 11க்கு 11 கிலோமீட்டர் கட்டம். மதுரைக்கு 099781. மீனாட்சி கோயில், தெப்பக்குளம், மாட்டுத்தாவணி மூன்றும் அதற்குள் அடக்கம். திருப்பரங்குன்றம் அடங்காது, அது 098780. அழகர் கோயில் 100782. சித்திரையில் அழகர் 100782இல் புறப்பட்டு 099781க்கு வந்துதான் ஆற்றில் இறங்குகிறார். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கே கொஞ்சம் குஷியாகிவிட்டது.

இன்னொன்று. 099701இல் தொடங்கும் புது நூறு நோட்டுக் கட்டு ஒன்று கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அட்சரேகை மாறாது, தீர்க்கரேகை மட்டும் நோட்டுக்கு நோட்டு ஒரு கட்டம் கிழக்கே நகரும். அரபிக் கடலில் கிளம்பி, அறுபது நோட்டைத் தாண்டியதும் கொச்சியில் கரையேறி, மலை இறங்கி, 777இல் உசிலம்பட்டி, 781இல் மதுரை, 791இல் மீமிசல் கடற்கரை, அப்புறம் பாக் நீரிணைத் தண்ணீர். கட்டைப் பிரிக்காமல் விரலால் சரசரவென்று விட்டாலே ஒரு யாத்திரை முடிந்துவிடும்.

தமிழ்நாட்டின் பரப்பை இந்தக் கட்டங்களால் வகுத்தால் ஆயிரத்துச் சொச்சம் வரும். எண்களோ பத்து லட்சம். ஆக, ஆயிரம் நோட்டுக்கு ஒன்றுதான் நம் மாநிலத்துக்குள் விழும். அரிதுதானே என்று மருமகன் கேட்பார். முன்னால் விட்டுவிட்டோமே மூன்று குறி, அதை மறந்துவிட்டார். அந்தக் குறி மாறும்போதெல்லாம் எண் மறுபடி முதலிலிருந்து ஓடும். வரிசைக்கு ஒரு மதுரை, பத்து ரூபாயிலும் மதுரை, ஐந்நூறிலும் மதுரை. இதற்கு 800 ரூபாயா? பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கிறோம் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

விலையைவிட எனக்கு உறுத்துவது வேறு. நோட்டைப் பார்த்த பிறகு விதியை மாற்றுகிற பழக்கம். நேராகப் படித்து வரவில்லையா, பின் மூன்றை முன்னால் போடு; அப்படியும் வரவில்லையா, தலைகீழாகப் படி. பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்ட எண்ணுக்கு இழுத்து வருகிறாரே எண்கணிதக்காரர், அவர் செய்வதும் இதுதான். விதியை முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அப்புறம் சட்டைப்பையில் கை விடச் சொல்லுங்கள். கண்டுபிடித்த ஊரையும் அதே புத்தகத்தில்தான் எழுத வேண்டும், ரூபாய் நோட்டின் மேல் இல்லை.

அட்சரேகை அலுத்துவிட்டால் பின்கோடு இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் ஊர்களுக்கும் ஆறு இலக்கம்தான். புழக்கத்தில் இருப்பவை சுமார் 19,000, அதாவது நூறு நோட்டில் இரண்டு ஏதாவது ஒரு தபால் நிலையத்தில் போய் நிற்கும். 625106 கிடைத்தால் மேலூர், 625531 தேனி. உங்கள் திருமங்கலம் 625706.

கடைசியாக நீங்கள் அனுப்பிய நகல். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை பார்த்தேன். 781099. விற்றவர் தீர்க்கரேகையை முன்னால் போட்டுவிட்டார். மருமகன் சொல்லும் விதிப்படி வடக்கே 78.1, கிழக்கே 9.9: நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக்கின் குளிர்ந்த கடல். நோட்டு நல்ல நோட்டுதான். டீக்கடையில் கொடுத்தால் ஒரு வடை வரும்.