டிஜிட்டல் யுகத்தில் இறைநம்பிக்கையையும் மனிதத்தையும் காப்பது என்றால் என்ன?

மனிதத்தைக் காப்பது என்பது, எதிரில் இருப்பவரை வெறும் தரவாகக் கருதாமல், துயரும் மாண்பும் உள்ள ஓர் உயிராகக் காண்பதாகும்; இறைநம்பிக்கையைக் காப்பது என்பது, அந்த மாண்பு நாம் ஈட்டியதன்று, அருளப்பட்டது என்பதை மறவாமல் வாழ்வதாகும்.

இவ்விரண்டுக்கும் வேர் கவனம்தான். பெரும்பாலான சமூக ஊடகங்கள் விளம்பர வருவாயில் இயங்குவதால், நம் கவனத்தை இயன்றவரை நீண்ட நேரம் பிடித்துவைக்கும்படியே அவை வடிவமைக்கப்படுகின்றன. பிரார்த்தனைக்கும், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதற்கும் தேவைப்படுவதும் அதே கவனமே. துளை விழுந்த குடத்தில் நீர் சொட்டுச் சொட்டாகக் கசிவதை யாரும் பார்ப்பதில்லை; தாகம் எடுக்கும்போதுதான் குடம் காலியென்று தெரிகிறது.

1966-இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் அறிமுகப்படுத்திய எலைசா என்னும் உரையாடல் நிரல், தட்டச்சு செய்தவரின் சொற்களையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பித் தந்தபோதிலும், சிலர் அதனிடம் மனம் திறந்து பேசினர். இதை நான் பலவீனமாகக் கருதவில்லை. நாம் சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் அவ்வளவு ஆழமானது. ஆயினும், நம்மோடு சேர்ந்து வருந்த இன்னொரு மனிதரால்தான் இயலும்.

திறன்பேசியைத் துறந்தால்தான் இறைநம்பிக்கையையும் மனிதத்தையும் காப்பது கைகூடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, ஏனெனில் தொலைவில் நோயுற்றிருப்பவருடன் காணொளி அழைப்பில் சேர்ந்து பிரார்த்திக்க முடிவதும் அதே கருவியால்தான்.