இடிக்கும் கேளிர்

வணக்கம். ‘ஆலோசனை’, ‘அறிவுரை’ இரண்டும் ஒன்றுதானா? எது தமிழ்? என் மகனிடம் எதைச் சொன்னாலும் “அட்வைஸ் பண்ணாதீங்கப்பா” என்று எழுந்து போய்விடுகிறான். நல்லது சொல்பவனுக்கு இந்தக் காலத்தில் மதிப்பே இல்லையா?
கே.

அன்புள்ள கே.,

எது தமிழ் என்பதைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆலோசனை வடசொல், அறிவுரை தமிழ். பொருள் ஒன்றல்ல. கூடி யோசிப்பது ஆலோசனை. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது அறிவுரை. ஆலோசனைக் கூட்டத்துக்கு ஆள் வரும், அறிவுரைக் கூட்டம் என்றால் யார் வருவார்கள்? புத்திமதி இன்னும் வேடிக்கை. புத்தி, மதி இரண்டுமே அறிவுதான். ஒரு தடவை சொன்னால் ஏறாது என்று சொல்லிலேயே தெரிகிறது.

‘இந்தக் காலம்’ புலம்பலை விடுங்கள். சில நாட்களாக என் மண்டைக்குள் ஓடுவது ‘இடித்தல்’ என்ற சொல். உரலில் இடிப்பதும் அதுதான், நண்பனைக் கண்டித்துச் சொல்வதும் அதுதான். நட்பு சிரித்துப் பேச மட்டுமல்ல, ‘மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்கிறது குறள். எல்லாரும் ‘இடித்தல்’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ‘மிகுதிக்கண்’ யார் கண்ணிலும் படவில்லை. நண்பன் எல்லை மீறும்போது என்று பொருள், ஐயா! காலையில் எழுந்ததிலிருந்து அல்ல.

இடி வாங்குபவனின் குரல் குறுந்தொகையில் இருக்கிறது, 58ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் பாடியது. கையில்லாத ஊமை ஒருவன் வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயைக் கண்ணாலேயே காவல் காக்கிறான். எடுக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. என் காதல் நோய் அப்படிப் பரவிவிட்டது என்கிறான் தலைவன். ‘இடிக்கும் கேளிர், நும்குறை ஆக’ என்று தொடங்குகிறான். இடித்துச் சொல்லும் நண்பரே, இந்த நோயை நிறுத்துவதை உம்முடைய காரியமாக எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அவ்வளவுதான் அவன் கேட்பது.

இருபத்தைந்து வயதில் வேலையை உதறிவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தேன். வந்தவர்களெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து நல்லது சொன்னார்கள். ஒருவன் மட்டும் மூலையில் குவிந்திருந்த என் அழுக்குத் துணியை வாளியில் அள்ளிப் போட்டுத் துவைத்தான், திட்டிக்கொண்டே. என்ன திட்டினான் என்பது மறந்துவிட்டது. போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டி, “பிடிடா, முறுக்கு” என்றது மட்டும் காதில் இருக்கிறது.

சரி, உங்கள் மகன். எழுந்து போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன வயது, எதில் மாட்டிக்கொண்டிருக்கிறான், ஒரு வார்த்தை இல்லையே? அதை எழுதுங்கள்.